நான்காவது எலுமிச்சம்பழம்

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி என்று சொல்லித்தான் மாமா அந்த ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். நான்கும் சேர்ந்து நின்றுபோவதைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. அவர் லோரி ஓட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்தை அதன் முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுவிட்ட பிறகு, ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கேன்வாஸ் கட்டிலோடும் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மாதம் இருப்பதாகச் சொல்லி வந்தவர் இரண்டு வருடம் இருந்தார். எனக்குப் பத்து வயது. அந்த வயதில் இரண்டு வருடம் ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் எப்போதுமே இருந்தார் என்றுதான் அர்த்தம்.

அப்பா துறைமுகக் கிடங்கில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மாமா வந்ததைப் பற்றியோ போகாததைப் பற்றியோ அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, முன்கூடத்தில் அந்தக் கேன்வாஸ் கட்டில் மடித்து வைத்திருக்கிறதா, விரித்துக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பார். கட்டில் எங்காவது கிழிந்துவிட்டதா என்று பார்க்கிறார்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிழிந்தால் யார் தைத்துக் கொடுப்பது என்ற கவலையும் எனக்கு இருந்தது.

நான் அப்படித்தான். மழை பெய்தால் வீடு முழுகுமோ என்று கவலை. பெய்யாவிட்டால் கிணறு இல்லாத வீட்டில் குழாயும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கவலை. மாமா எனக்குக் கவலை மந்திரி என்று பட்டம் கொடுத்திருந்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "என்ன மந்திரி, இன்னிக்கு எத்தன ஃபைலு?" என்பார். நான் விரல்விட்டு எண்ணிச் சொல்வேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு, "சைன் போட்டாச்சு, அடுத்தது" என்பார். சைன் போட்ட கவலை அன்றைக்கு மறுபடி வராது. எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் வராது.

அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் அந்த வேலை வந்தது. வெகுதூரத்தில், பகாங்கில் காட்டை வெட்டி ரோடு போடும் குத்தகையாளர் ஒருவருக்கு, நிலம் அளக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போய்வர ஆள் வேண்டும். ஜீப் சொந்தமாக இருக்க வேண்டும். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற திங்கட்கிழமை, பொழுது சாய்வதற்குள் வண்டியோடு அங்கே போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் சுங்கை பூலோவில் இன்னொருவன் ஜீப்போடு தயாராக இருக்கிறான். மளிகைக் கடையில் கொடுத்த புது வருட நாள்காட்டியில், வருடம் பிறப்பதற்கு முன்பே, அப்பா அந்தத் திங்கட்கிழமையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தார். அம்மா அந்த வட்டத்தின்மேல் எண்ணெய்க் கை படாமல் நடமாடினாள்.

ஏதோ ஒரு அரசாங்க இலாகா கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விட்டார்கள். எங்கள் பேச்சில் அதை லெலோங் என்போம். தோட்டத்து வேலை போனபோது கிடைத்த பணத்தையெல்லாம் கொண்டுபோய் மாமா லெலோங்கில் ஜீப் எடுத்தார். பச்சை வண்டி. பச்சைக்குக் கீழே சுரண்டினால் சாம்பல் நிறம், அதற்கும் கீழே இன்னொரு பச்சை. வயது என்னைவிடக் கூடுதல் என்று மட்டும் சொன்னார்கள்.

முதல் இரண்டு வாரம் வீட்டு வாசலிலேயே வைத்தியம் நடந்தது. ஹார்னை அமுக்கினால் முன்விளக்கு அணைந்துவிடும். பிரேக் போட்டால் வண்டி இடதுபக்கம் சீனர் கடையைப் பார்த்துத் திரும்பும். மழை பெய்தால் கூரையிலிருந்து ஒரே ஒரு ஒழுக்கு, அதுவும் சரியாக ஓட்டுகிறவரின் வலது தொடையில். முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வைக்கும் சிவப்புக் குமிழ் வைத்த சின்னக் கம்பி அசையவே இல்லை, துருவேறி இறுகிப்போயிருந்தது. மாமா ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ஹார்னும் விளக்கும் ஒரே ஒயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன என்று சொல்லி, அந்த ஒயர் வண்டியின் இரும்பில் தொடுகிற இடத்தை மணல்தாளால் தேய்த்தார். சிவப்புக் குமிழுக்கு இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒழுக்குக்குச் சூயிங் கம்.

தீராதது இரண்டாவது கியர். போட்டால் நிற்காது, கையை எடுத்ததும் துள்ளி வெளியே வந்துவிடும். கியர் பெட்டியைப் பிரித்தால்தான் சரியாகும், பிரித்தால் திங்கட்கிழமைக்குள் சேர்க்க முடியாது. அதனால் மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். முன்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, அவர் "ரெண்டு" என்றதும் இரண்டு கையாலும் கியர்த் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது என் உள்ளங்கையில் ஆட்டுக்குட்டிபோலத் திமிறும். விடக் கூடாது. "மந்திரி புடிச்சா புடிச்சதுதான்" என்பார். பள்ளியில் எந்த வாத்தியாரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாசலில் மற்றதெல்லாம் சரியானதும், ரோட்டில் ஏற்றுவதற்கு முன் பக்கத்து அம்மன் கோயிலில் பூசை போட்டோம். பூசாரி முன்மூடியில் திருநீறும் சந்தனமும் பூசி, ஹார்னுக்கு ஒரு பூ வைத்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா மெதுவாக வண்டியை முன்னே எடுத்தார். மூன்று பழம் நசுங்கிற்று. பின்பக்கம் இடது சக்கரத்துப் பழம் மட்டும் ஓரமாக வழுக்கி, உருண்டு, கோயில் காண்டாவுக்குள், அதாவது சாக்கடைக்குள் விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. எல்லோரும் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட முன்னால் போய்விட்டார்கள். பார்த்தது நான் ஒருத்திதான்.

சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அப்பாவிடம் சொன்னால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மாமாவிடம் சொன்னால் சைன் போட்டுவிடுவார், ஆனால் இது சைன் போடுகிற கவலை இல்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காட்டு ரோட்டில் மூன்று சக்கரத்துக்குக் காவல் இருக்கிறது, ஒரு சக்கரத்துக்கு இல்லை என்பதே நினைப்பாக இருந்தது.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா திருநீறு எடுத்து நெற்றியில் பூசிவிட்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவாள். பூசுவது மேலுக்கு, போடுவது உள்ளுக்கு. ஜீப்புக்குப் பூசாரி மேலுக்கு மட்டும்தான் பூசியிருந்தார். அதன் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்: ஓட்டுகிறவர் உட்காரும் மெத்தையைத் தூக்கினால் பெட்ரோல் டாங்கியின் மூடி.

கோயிலில் கொடுத்த திருநீற்றை, கணக்கு நோட்டிலிருந்து கட்டம் போட்ட தாளைக் கிழித்து இரண்டு பொட்டலமாக மடித்தேன். ஒன்று எனக்கு, பென்சில் பெட்டியில் வைத்துக்கொள்ள. அடுத்த வருடக் கணக்கு கஷ்டமாக இருக்கும் என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பயமுறுத்தியிருந்தார்கள். இன்னொன்று ஜீப்புக்கு. பெட்ரோலில் நனைந்து கரைந்துவிட்டால் காட்டுக்குப் போகுமுன் தீர்ந்துபோகுமே என்று, அதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மஞ்சள் நூலால் இறுக்கிக் கட்டினேன். மூடி வைத்தால் பலிக்குமா என்று ஒரு சந்தேகம் வந்தது. தாயத்தும் மூடித்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். மாமா குளிக்கப் போன ஒரு மத்தியானம் மெத்தையைத் தூக்கி, மூடியைத் திருகி, உள்ளே போட்டேன். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சோதித்துப் பார்க்க, கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் வரை போய்வருவதாக ஏற்பாடு. மாமாவும் நானும் மட்டும். வழியில் இருக்கும் தெலுக் பங்லிமா காராங்கைக்கூடத் தாண்டவில்லை; ஏழாவது கட்டையில், அதாவது ஏழாவது மைல்கல்லில், என்ஜின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது. மாமா இறங்கி என்ஜின் முன்மூடியைத் திறந்து பார்த்தார். எல்லாம் சூடாக இருந்தது. பத்து நிமிடம் நின்று மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. மூன்று மைல் போய் மறுபடி நின்றது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கு வந்தது சந்தேகம். ஆனால் கவலைக்காரர்களுக்குச் சந்தேகமும் நிச்சயமும் ஒரே எடைதான்.

"சூடு ஏறுனா நிக்குது, ஆறுனா ஓடுது. பெட்ரோல் குழாய்க்குள்ளயே கொதிக்குது மந்திரி" என்றார் மாமா. பக்கத்துக் கால்வாயில் துண்டை நனைத்து, பெட்ரோல் பம்பைக் காய்ச்சல்காரனுக்குப் பற்றுப் போடுவதுபோலச் சுற்றினார். வண்டி கிளம்பிற்று. துண்டுதான் காரணம் என்று அவர் நம்பினார். நானும் நம்ப முயன்றேன்.

அடுத்த ஞாயிறும் ஏழாவது கட்டைக்குப் பக்கத்திலேயே நின்றோம். எண்ணெய்ப்பனை வரிசைகளுக்கு நடுவே ரோடு நேராகப் போகும் இடம். ஒரு ஜாவாக்கார அம்மா தகரக் கொட்டகை போட்டு வாழைப்பழம் பொரித்து விற்பார். நாங்கள் வண்டியை ஆறவிட்டு அங்கே பலகையில் உட்கார்ந்துகொள்வோம். என் உள்ளங்கை கியர்த் தண்டின் நடுக்கத்தை இன்னும் வைத்திருக்கும். பொரித்த வாழைப்பழத்தைத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். மாமா ஊதி ஊதி எனக்குக் கொடுத்துவிட்டுச் சூட்டோடு தன்னுடையதைக் கடிப்பார். ஒரு லோரி போகும். பிறகு வெகுநேரம் ஒன்றும் போகாது.

அந்த இடத்தில்தான் ஒருநாள், என் ஃபைல்களுக்கெல்லாம் சைன் போட்டு முடித்த பிறகு, "எனக்கும் ஒரு ஃபைலு இருக்கு மந்திரி" என்றார்.

"என்னா மாமா?"

"அந்தக் காட்டுல ஆறு மணி ஆச்சுன்னா யார்கூடப் பேசறதுன்னு தெரியல."

நான் யோசித்தேன். மந்திரி என்றால் பதில் சொல்ல வேண்டும். "நெலம் அளக்கறவங்க இருப்பாங்கல்ல. அவங்ககூடப் பேசுங்க."

மாமா சிரித்தார். அவ்வளவு நேரம் சிரிக்கும்படி நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, சைன் போட்டாச்சு" என்றார்.

மூன்றாவது ஞாயிறு, வண்டி நல்ல இடமாகப் பார்த்து, ஒரு சீனப் பட்டறைக்கு எதிரிலேயே நின்றது. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், எங்களிடம் தமிழிலேயே பேசினார். அவரை நாங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டோம். அவர் முன்மூடியைத் திறந்தார்; சூட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பம்பிலிருந்து டாங்கிக்குப் போகும் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினார். டாங்கிக்குள் கொப்புளம் விடும் சத்தம் கேட்டது. பிறகு உறிஞ்சினார். கொஞ்சம் பெட்ரோல் வந்தது, பிறகு கன்னம் ஒட்டிப்போகும்வரை உறிஞ்சியும் வரவில்லை. காறித் துப்பிவிட்டு, "ஊதுனா போவுது, உறிஞ்சுனா வரல. உள்ள ஏதோ ஒண்ணு இருக்கு தம்பி. வண்டி ஓடுனா அது வந்து குழா வாய அடைக்குது. நின்னா வுட்டுடுது. டாங்கி எறக்கு லா" என்றார்.

என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

"எவ்ளோ நேரம் ஆவும் தவுக்கே?"

"ஒரு மணி நேரம்."

மாமா சிகரெட் பற்றவைத்தார். ரோட்டைப் பார்த்தார், அது பகாங்குக்குப் போகிற ரோடுகூட இல்லை. டாங்கியை இறக்கினால் என் கட்டம் போட்ட தாள் வெளியே வரும், அதில் என் கையெழுத்தில் பெருக்கல் கணக்கு இருக்கும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மா என்று மனதுக்குள் கூப்பிட்டேன். கோயில் அம்மனையா வீட்டு அம்மாவையா என்று எனக்கே தெரியாது.

"இன்னிக்கு வேணாம் தவுக்கே. பொறவு வரேன்" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன கோளாறு என்று கேட்டாள். "காயிலு சூடாவுதாம்க்கா. மாத்தணும்" என்றார். தவுக்கே சொன்னது மாமாவுக்கு விளங்கவில்லை, அம்மன்தான் எனக்காக அவர் மூளையைக் கொஞ்சம் குழப்பிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நன்றிக்கு மறுநாள் ஒரு சூடமும் ஏற்றினேன்.

அந்த வாரம் காயில் மாற்றினார். அதற்கடுத்த வாரம் கண்டென்சர். பிறகு பிளக்கு நான்கும். ஒவ்வொன்றையும் மாற்றியதும் முகத்தில் ஒரு நம்பிக்கையோடு கிளம்புவார், ஏழாவது கட்டையில் நிற்போம், ஜாவாக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் சட்டியில் எண்ணெய் வைப்பார். நான் உள்ளுக்குள் இரண்டாகப் பிரிந்து கிடந்தேன். வண்டி ஓடாவிட்டால் மாமாவின் வேலை போய்விடும். அதற்குக் காரணம் நான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாழைப்பழம் சுடச்சுட இருந்தது, மாமா பக்கத்தில் இருந்தார், வண்டி இன்னும் ஆறவில்லை.

நாள்காட்டியில் சிவப்பு வட்டத்துக்கு முன்னால் இரண்டே கட்டம் மிச்சம் இருந்த சனிக்கிழமை, அப்பா வேலைக்கு லீவு போட்டார். எனக்கு நினைவு தெரிந்து அப்பா லீவு போட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, "நானும் வரேன், என்னதான்னு பாத்துருவோம்" என்றார். முன்சீட்டில் மூன்று பேர். மாமா "ரெண்டு" என்றார், நான் பிடித்தேன். அப்பா என் கையையும் தண்டையும் பார்த்தார்.

ஏழாவது கட்டை. இரண்டு இருமல். நின்றது. அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "இருவத்தியொரு நிமிஷம்" என்றார்.

"சூடு ஆறட்டும் அத்தான்."

"ஆறட்டும். பொறவு ஏதாவது பட்டறைக்குப் போவோம்."

அந்த ரோட்டில் பட்டறை ஒன்றுதான் இருந்தது. தவுக்கே எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இப்பதான் வரியா தம்பி? நான்தான் அப்பவே சொன்னேனே டாங்கி எறக்குன்னு. மூணு வாரம் ஆச்சு லா."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த ஏதோ அழுக்கை நகத்தால் சுரண்டினார்.

டாங்கியை இறக்கினார்கள். பெட்ரோலை ஒரு டின்னில் வடித்தார்கள். "இந்த வாயில ஒரு சல்லட இருக்கணும், எவனோ எடுத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே தவுக்கே ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். மஞ்சள் நூல்தான் முதலில் வெளியே வந்தது. பிறகு பை. பெட்ரோலில் ஊறிக் குழைந்து, குழாய் உறிஞ்சிய இடத்தில் ஒரு வட்டத் தழும்போடு இருந்தது. அதற்குள் தாள், தாளுக்குள் வெள்ளையாகத் திருநீறு.

"சாமி மருந்து" என்றார் தவுக்கே. சிரிக்கவில்லை. பட்டறைச் சுவரில் அவருடைய சாமிக்குச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு சுத்தமான செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பொட்டலத்தை வைத்தார்.

மாமா குனிந்து பார்த்தார். கட்டம் போட்ட தாள். ஏழால் பெருக்கிய கணக்கு ஒன்று, பென்சில் எழுத்து, அழியவே இல்லை. மாமா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் இருந்த விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பொட்டலத்தை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"நான்தான் போட்டேன் அத்தான். பூச அன்னிக்கி. ஒரு நம்பிக்கைக்கு."

அப்பா மாமாவின் மூடிய கையைப் பார்த்தார். பிறகு, துறைமுகத்தில் நேரங்கழித்து வந்தவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரலில், சத்தம் போடாமல் சொன்னார்: "போட்டது நீ. தொறக்கச் சொன்னது இவரு, மூணு வாரம் முன்னாடி. தொறக்காதது நீ." கொஞ்சம் நிறுத்தி, "போவப் புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார்.

மாமாவின் கழுத்து சிவந்தது.

அப்போது நான் வாய் திறந்திருக்க வேண்டும். நான் போட்டேன், நான்காவது பழம் நசுங்கவில்லை, அதனால்தான் போட்டேன் என்று நான்கு வார்த்தை. அப்பா என்னைப் பள்ளியைவிட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். பள்ளி எப்படியும் இரண்டு வருடத்தில் வேறு காரணத்துக்காக நின்றுபோயிற்று. அந்தப் பயம் வீண். ஆனால் அன்றைக்கு அது என் வாயைக் கட்டிப்போட்டது. குழாயின் வாயில் ஒட்டிக்கொண்ட பை மாதிரி என்று பிற்பாடு நினைத்திருக்கிறேன். ஊதினால் போகும், உறிஞ்சினால் வராது.

"திங்கக்கெழம காலையில போறேன் அத்தான்" என்றார் மாமா.

திரும்பி வரும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை. ஏழாவது கட்டை வந்தது. ஜாவாக்கார அம்மா எழுந்து நின்று பார்த்தார். இருமு, இருமு என்று நான் வேண்டிக்கொண்டேன். அது புத்தம் புது வண்டிபோல அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போயிற்று.

திங்கட்கிழமை காலை நான் புதுப் பள்ளி உடுப்போடு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தகரப் பெட்டியும் சாப்பாட்டு மூட்டையும் பின்னால் ஏறிவிட்டன. கேன்வாஸ் கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. "இங்கயே இருக்கட்டும்க்கா, வந்தா வேணும்ல" என்றார் மாமா. அம்மா எலுமிச்சம்பழம் எடுத்து வர உள்ளே போனாள். அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மந்திரி, இங்க வா."

போனேன். அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவர் என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த மாதிரி இன்னொரு பொட்டலம் இருக்கா?"

என் முதுகில், பையில், பென்சில் பெட்டியில் இருந்தது. மூச்சு விட்டால் பெட்டிக்குள் பென்சில் குலுங்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். திருட்டுப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று போலீஸ்காரர் கேட்பதுபோல் எனக்குப் பட்டது. இன்னும் வைத்திருக்கிறேன் என்றால் இன்னும் தப்பு செய்யப் போகிறேன் என்று அர்த்தமாகிவிடும்.

"இல்ல மாமா."

"இல்லியா?"

"ஒண்ணுதான் இருந்திச்சி. இனிமே செய்யமாட்டேன் மாமா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். அது ஏழாவது கட்டைச் சிரிப்பு இல்லை. "சரி, சைன் போட்டாச்சு" என்று சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அம்மா நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தாள். நான் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கும் நசுங்கிற்று, கொட்டை தெறிக்க நசுங்கிற்று. முனையில் திரும்பும்போது என்ஜின் திடீரென்று அலறியது. இரண்டாவது கியர் துள்ளி வெளியே வந்துவிட்டது. பிடிக்க ஆள் இல்லை. பிறகு அவரே ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சத்தம் அடங்கி, தேய்ந்து, ரோட்டில் சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா வந்து, செருப்போடு நின்று, மடித்துச் சுவரில் சாய்த்திருந்த கட்டிலைப் பார்த்தார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

மாமா அதற்குப் பிறகும் வந்தார். தீபாவளிக்கு வருவார், என் கல்யாணத்துக்கும் வந்தார். ஆனால் விருந்தாளியாகத்தான் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, போகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தில் எழுந்துவிடுவார். கட்டிலை யாரும் விரிக்கவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மந்திரி என்று ஒருமுறைகூட இல்லை. கல்யாணமான பெண்ணை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்திருக்கலாம். நானும் அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவரிடம் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் காப்பித் தம்ளரைக் கொடுக்கும்போது பேசிவிடலாம் என்று நினைப்பேன்.

டாங்கிக்குள்தான் கோளாறு என்று மூன்று வாரம் முன்பே தெரிந்த ஒருவர், காயிலையும் கண்டென்சரையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டிருந்தார் என்பது, கூட்டிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும் கணக்குதான். அப்பா அந்தப் பட்டறையில் நின்றபடியே கூட்டிவிட்டார். எனக்கு அதற்குப் பல வருடம் ஆயிற்று. அதன் பிறகும் ஒரு கணக்கு மட்டும் எனக்குத் தீரவில்லை. அன்று காலை அவர் கேட்டபோது பென்சில் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை நான் கொடுத்திருந்தால், மாமா அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பாரா, மெத்தையைத் தூக்கி டாங்கிக்குள் போட்டிருப்பாரா.